மார்ட்டியைப் பார்க்காதவர் யார்?

டான்டி வெரோனா கதவைத் தட்டவில்லை. இடித்தார்.

எங்கள் துப்பறியும் அலுவலகம் லா ரோஷ் என்ற குட்டிக் கரீபியன் தீவின் ஒரே பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கிறது. ரொட்டி வாசனை பிடித்துப் பாதிப் பேர் படியேறி வந்துவிடுவார்கள். வந்த பிறகுதான் என்ன வழக்கு என்று யோசிப்பார்கள். இங்கே பெரும்பாலும் காணாமல் போவது ஆடு. அது எங்கே இருக்கிறது என்று என் முதலாளி மிஸ் டெல்ஃபின் குவாஷி உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவார். போய் இழுத்து வருவது நான். பெயர் கஸ்பர்ட். உதவியாளன், வேன் டிரைவர், ஆட்டிடம் முட்டு வாங்குபவன்.

"டெல்ஃபின், என் தம்பியை ஸ்டேஷன்ல பூட்டி வெச்சுட்டாங்க." டான்டி நாற்காலியில் விழுந்தார். ஊருக்கே அத்தை என்பதால் எல்லோருக்கும் அவர் டான்டிதான்.

"ஹேஸ்டனையா? இன்னிக்கா?" மிஸ் டெல்ஃபின் கையிலிருந்த காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். அவர் காப்பியைப் பாதியில் வைத்து நான் பார்த்ததே இல்லை.

காரணம் இருந்தது. அன்று பிற்பகல் ஹேஸ்டன் மெக்ரேயின் புதுப் படகு கடலில் இறங்க வேண்டும். கல்யாணத்தைக்கூடத் தள்ளிப்போட்டு, ஒவ்வொரு பலகையாகத் தன் கையாலேயே செதுக்கிக் கட்டிய படகு. கிரெனடாவிலிருந்து சொந்தபந்தமெல்லாம் வந்து இறங்கியாகிவிட்டது. கடற்கரையில் அண்டா அண்டாவாக ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. ஊரே கயிறு பிடித்து இழுத்தால்தான் அந்த மரமலை நகரும். வந்தவர்கள் எல்லாம் நாளைக்கு ஊர் திரும்பிவிடுவார்கள். அப்புறம் அதை இழுக்க ஆள் ஏது?

"என்ன பண்ணினான்?"

"கொலைங்கறாரு சார்ஜன்ட்."

"யாரை?"

"மார்ட்டியை." டான்டி முந்தானை இல்லாத குறையாகத் தொப்பியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் விடுதியில தங்கியிருக்கே, ஐலான்னு ஃபின்லாந்துப் பொண்ணு, பல் டாக்டர். அவ புருஷன். நேத்து மீன் பிடிக்கப் போனவர் திரும்பலை. இன்னிக்குக் காலைல அவர் தட்டு அப்படியே இருந்துச்சு. ஒவ்வொரு நாளும் உப்பு மீனும் ரொட்டியும் ஒரு துணுக்கு விடாம வழிச்சுச் சாப்பிடற மனுஷன். பயந்துபோய் நான்தான் சார்ஜன்ட்கிட்ட சொன்னேன். அவர் ரம் கடைல விசாரிச்சா, 'மார்ட்டியை மணல்திட்டுக்குக் கூட்டிட்டுப் போனதே நான்தான்'னு என் தம்பி நேத்து பெருமையா சொல்லியிருக்கான். என் வாயால என் தம்பி உள்ள போயிட்டான் டெல்ஃபின். படகு இறங்கறதுக்குள்ள அவனை வெளிய கொண்டு வந்துடு."

"அந்த மார்ட்டியை நீங்க பார்த்தீங்களா?"

"என்ன கேள்வி இது? என் விடுதியில தங்கினவரை நான் பார்க்காமலா? நல்ல உயரம். கூச்ச சுபாவம்."

"நான்கூட வேன்ல ஏத்திட்டுப் போனேன் மிஸ்," என்றேன். "ரொம்ப நல்ல மனுஷன்."

"நான் பார்க்கலை," என்றார் மிஸ் டெல்ஃபின்.

டான்டி அழுகையை நிறுத்திவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார். "பார்க்கலையா? உடம்பு கிடம்பு சரியில்லையா உனக்கு?"

பத்தடி போவதற்குள் பத்து பேர் நிறுத்தும் ஊர் இது. அதனால் விசாரணைக்கு நாங்கள் யாரையும் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. மீன் விற்கும் லெனோரா தராசை நிறுத்தாமலே சொன்னாள்.

"மார்ட்டிதானே? ஆறடி. பொன் நிறத்துல தாடி. என்கிட்ட குட் மார்னிங் சொல்லிட்டுத்தான் போனார். வளர்ப்பு அப்படி."

"தாடியா?" எதிர்க்கடையிலிருந்து தையல்காரர் சிப்ரியன் தலையை நீட்டினார். "நீ எந்த மார்ட்டியைச் சொல்றே? முகம் மழமழன்னு இருக்கும். ஆள் குண்டு. இடுப்பைப் பார்த்தாலே எனக்கு அளவு தெரியாதா?"

"ஒரு காலை லேசா இழுத்து இழுத்து நடப்பாரே, அவர்தானே?" என்றார் தைக்கக் கொடுக்க வந்த ஒருவர்.

வேனில் ஏறியதும் நான் கேட்டேன். "மிஸ், இந்த மார்ட்டி ஒரு ஆளா, இல்லை கோஷ்டியா?"

"வண்டியை விடு," என்றார். உதட்டோரத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்து போனது. வழக்கு பிடிபட ஆரம்பித்தால் அவருக்கு அப்படி ஆகும்.

விடுதித் திண்ணையில் ஐலாவைச் சுற்றிப் பெண்கள் கூட்டம். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு கிண்ணம் சூப். புருஷனைப் பறிகொடுத்தவளுக்குச் சூப் கொடுக்காமல் விட்டால் எங்கள் ஊர்ப் பெண்களுக்குத் தூக்கம் வராது. நடுவில் வெளுத்த முடியோடு ஐலா, நாற்காலி நுனியில், முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மிஸ் டெல்ஃபின் சூப்புகளை எல்லாம் நன்றி சொல்லி அனுப்பினார்.

"ஏம்மா சாயாம உக்காந்திருக்கே?"

"முதுகு எரியுது."

"கொஞ்சம் திரும்பறியா?"

ஐலாவின் சட்டைக்குப் பின்புறம் நல்ல இறக்கம். நானும் எட்டிப் பார்த்தேன், துப்பறிவதற்காகத்தான். தோளும் இடுப்பும் பால் மாதிரி வெள்ளை. நடு முதுகில் மட்டும் பட்டம் ஒட்டி வைத்த மாதிரி ஒரு சிவப்பு. அது வேகாத குறைதான்.

"கஸ்பர்ட், உன் முதுகுல நீயே எண்ணெய் தேய்ச்சுக்கோ பார்ப்போம்."

"எண்ணெய் எங்க மிஸ்?"

"இருக்கற மாதிரி தேய்டா."

தேய்த்தேன். தோளுக்கு மேலிருந்து கை கொஞ்ச தூரம் இறங்கியது. இடுப்பிலிருந்து கொஞ்ச தூரம் ஏறியது. நடுவில் ஒரு இடம் எந்தக் கைக்கும் எட்டவில்லை. பட்டம் வடிவத்தில் ஒரு இடம்.

"வெயிலுக்குப் பூசற கிரீம், கை எட்டின இடத்துல எல்லாம் பூசியிருக்கு," என்றார் மிஸ் டெல்ஃபின். "எட்டாத இடத்துல பூசிவிடத்தானே புருஷன்?"

"சண்டையா இருந்திருக்கலாமே மிஸ்? சண்டைன்னா என் பொண்டாட்டி எனக்குச் சோறே போட மாட்டா. இதுல கிரீம் வேறயா?"

"சண்டை போட்ட புருஷன் காலைல வந்து பக்கத்துல உக்காந்து தட்டை வழிச்சுச் சாப்பிடுவானா?" அவர் ஐலாவின் முகத்துக்கு நேராகக் குனிந்தார். "அந்த ரெண்டாவது தட்டை யாரும்மா சாப்பிட்டது?"

ஐலா தரையைப் பார்த்தாள். காது வரை சிவந்தது. இந்தச் சிவப்பு வெயிலால் வந்ததில்லை.

"உப்பு மீன் ரொம்ப நல்லா இருந்தது," என்றாள்.

"ரெண்டு தட்டுமா?"

"ரெண்டும். நேத்து ராத்திரி பக்கத்து வீட்டுல கூப்பிட்டு வயிறு வெடிக்கிற மாதிரி போட்டுட்டாங்க. அதான் இன்னிக்கு ஒண்ணுதான் உள்ள போச்சு."

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். 

"நாள் பூரா திறந்த வாய்ங்களுக்கு நடுவுலயே இருக்கேன்," என்றாள் ஐலா. "சின்னதா ஒரு விடுமுறை, யாரும் இல்லாம, ஒரு தீவுல, தனியா. அதுக்குத்தான் அவ்வளவு தூரம் வந்தேன். படகை விட்டு இறங்கும்போதே ஒருத்தர், 'தனியாவா வந்தே? ஐயோ பாவம்'னார். ரொட்டிக் கடைல கேட்டாங்க. சர்ச் வாசல்ல நிறுத்திக் கேட்டாங்க. கடல்ல குளிக்கப் போனா ரெண்டு பேர் துணைக்குத் தண்ணியிலேயே இறங்கிட்டாங்க. 'புருஷன் பின்னாடி வர்றார்'னு சொன்னேன். அப்பதான் விட்டாங்க. பேர் கேட்டாங்க. வாயில வந்த பேரைச் சொன்னேன்."

"அப்புறம்?"

"நேத்து எங்கேன்னு கேட்டாங்க. மீன் பிடிக்கப் போயிட்டார்னேன். சாயந்திரம் ரம் கடைப் பக்கம் போனா, அந்தப் படகுக்காரர் என் புருஷனைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போன கதையைச் சொல்லிட்டிருக்கார். நல்லா முக்குளிக்கிறாராம். சங்கு எடுத்தாராம்." அவள் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, ஒருவேளை நிஜமாவே இருக்காரோன்னு."

மிஸ் டெல்ஃபின் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "கஸ்பர்ட். நீ வேன்ல ஏத்திட்டுப் போனியே, ஒரு நல்ல மனுஷன்."

"ஒரு தொப்பி தெரிஞ்சுது மிஸ்."

"தொப்பி."

"தொப்பி மாதிரி ஏதோ."

என்னைத் திட்டுவதற்கு முன் எங்கள் ஊரைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். குறுக்கே நடந்தால் காப்பி ஆறுவதற்குள் முடிந்துபோகும் தீவு இது. இங்கே ஒன்று நடந்து, அதை நான் பார்க்கவில்லை என்று ஒருவன் சொன்னால், அவன் குடித்துவிட்டு விழுந்து கிடந்தான் என்று அர்த்தம். இல்லை, அவனை யாரும் மதிப்பதில்லை என்று அர்த்தம். அதைவிட மோசம், ஒரு வெளியூர்க்காரர் எதிரே வந்தும் அவன் குட் மார்னிங் சொல்லாமல் போய்விட்டான் என்று அர்த்தம். எனவே எல்லோரும் எல்லாவற்றையும் பார்த்திருப்பார்கள். ஹேஸ்டனும் அப்படித்தான் பார்த்திருக்கிறான். மற்றவர்கள் வெறுமனே பார்த்தார்கள், அவன் படகில் ஏற்றிவிட்டான். வித்தியாசம் அவ்வளவுதான்.

"வழக்கு முடிஞ்சுது மிஸ். வாங்க, சார்ஜன்ட்கிட்ட சொல்லிட்டு ஆட்டுக்கறிக்குப் போகலாம்."

சார்ஜன்ட் பாப்டிஸ்ட் நல்லவர். ஐலா எழுந்து நின்று, "எனக்குப் புருஷன் கிடையாது, நான் தனியா வந்தேன்" என்று தெளிவாகச் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு ஒரு டம்ளரில் சர்க்கரைத் தண்ணீர் கலக்கி அவள் கையில் கொடுத்தார்.

"அதிர்ச்சிம்மா. எங்க பெரியப்பா கடலோட போனப்போ பெரியம்மாவும் இப்படித்தான். எனக்குக் கல்யாணமே ஆகலைன்னாங்க. பக்கத்துல ஒன்பது பிள்ளைங்க நிக்குது."

"சார்ஜன்ட், அப்படி ஒரு ஆளே இல்லை," என்றார் மிஸ் டெல்ஃபின்.

"இல்லையா? நானே கை குடுத்தேனே. நல்ல அழுத்தமான கை." சொல்லும்போதே அவர் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டார். "ஊரே பார்த்திருக்கு மிஸ். ஒரு பொண்ணு பேச்சைக் கேட்டு ஊரைப் பொய்யாக்கச் சொல்றீங்களா?"

லாக்கப் கம்பிக்குப் பின்னால் ஹேஸ்டன் படகு இறக்கத்துக்கென்று தைத்த புது வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தான். அந்தச் சட்டையைப் பார்த்ததும் எனக்குக் கிண்டல் வரவில்லை. மிஸ் டெல்ஃபின் கம்பியோரம் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"சும்மா அளந்தேன்னு சார்ஜன்ட்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு. இப்பவே விட்டுடுவார்."

"தெரியும் மிஸ்."

"அப்புறம் என்ன?"

"வெளிய விட்டுடுவார். படகை யார் இழுப்பாங்க?" அவன் கண் கலங்கியிருந்தது. "இல்லாத ஆளைக் கூட்டிட்டுப் போய்ச் சங்கு எடுக்க வெச்சவன்னு ஊரே வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கும். வயித்தைப் பிடிச்சவன் கயித்தை எப்படிப் பிடிப்பான்? சிரிக்காதவன் கோவப்படுவான். நான் பொய்யின்னா, பார்த்தேன்னு சொன்ன எல்லாரும் பொய்யிதானே? லெனோரா என்னை உசுரோட விடுவாளா? வேற என்னிக்காவது உண்மையைச் சொல்றேன் மிஸ். இன்னிக்கு முடியாது. என் படகு இன்னிக்கு இறங்கணும்."

வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நின்றோம். கடற்கரையில் மேளம் ஆரம்பித்துவிட்டது. மிஸ் டெல்ஃபின் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். ஐலா சர்க்கரைத் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டே, "எல்லாம் என்னாலதான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"உண்மையைச் சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. நம்பினா ஒருத்தரும் கயித்தைத் தொட மாட்டாங்க," என்றார் மிஸ் டெல்ஃபின். "கஸ்பர்ட், லெனோராகிட்ட போய் மீன் வாங்கிட்டு வா."

"இப்பவா மிஸ்? பசிக்குதா?"

"வாங்கும்போது, பொண்டாட்டியோட கோவிச்சுக்கிட்டு மார்ட்டி இன்னிக்குக் காலைப் படகுல கிரெனடா போயிட்டார்னு சொல்லு. யார்கிட்டயும் சொல்லிடாதேன்னும் சேர்த்துச் சொல்லு. அதை மட்டும் மறந்துடாதே."

சொன்னேன். லெனோரா மீனைப் பொட்டலம் கட்டிக்கொண்டே, "அதான் பார்த்தேன், முகத்தை உம்முன்னு வெச்சுக்கிட்டு படகுத்துறைப் பக்கம் போனாரு" என்றாள். நான் பொட்டலத்தோடு தெருமுனை திரும்பினேன். சிப்ரியன் என்னை நிறுத்தி, ரகசியமாக, மார்ட்டி நீலப் பெட்டியோடு காலைப் படகில் ஏறியதைச் சொன்னார். சர்ச் அருகே அந்தப் பெட்டியின் கைப்பிடி உடைந்திருந்தது. பேக்கரியில் அவர் வழிக்கு ரொட்டி வாங்கியிருந்தார், தேங்காய் ரொட்டி. நான் ஸ்டேஷனுக்கு வந்து சேர்வதற்கு முன்பே சேதி அங்கே வந்து உட்கார்ந்திருந்தது. கூடவே பாதி ஊரும்.

"நானும் பார்த்தேன்," என்று சார்ஜன்ட் கூட்டத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். "அவசரத்துல போனார். அவர்தான்னு அப்போ நினைக்கலை."

"அப்போ என் தம்பியை விடுங்க," என்றார் டான்டி வெரோனா.

"விட்டுடலாம். அதுக்கு முன்னாடி ஒரு போன்." சார்ஜன்ட் கைப்பேசியை எடுத்தார். "படகுக் கேப்டன்கிட்ட கேட்டுட்டா முடிஞ்சுது."

கிரெனடாவில் கரை சேர்ந்து நிற்கும் கேப்டனுக்கு இங்கே நடக்கும் கூத்து என்ன தெரியும்? மிஸ் டெல்ஃபினைப் பார்த்தேன். அவரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். சார்ஜன்ட் எல்லோரும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டார்.

"கேப்டன், ஐலா மேடத்தோட புருஷன் மார்ட்டி காலைல உங்க படகுல ஏறினாரா?"

கேப்டனும் இந்தத் தீவில் பிறந்தவர்தான். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"மார்ட்டியா? ஏறினாரே. வழி பூரா வாந்தி. பாவம், நான்தான் எலுமிச்சம்பழம் குடுத்தேன்."

கூட்டம் பெருமூச்சு விட்டது. நானும் விட்டேன். சார்ஜன்ட் மட்டும் போனை வைத்துவிட்டுச் சாவியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"கேப்டன் ஹேஸ்டனுக்கு மச்சான் முறை," என்றார். பிறகு தலையைத் தூக்கினார். "மிஸ் டெல்ஃபின், இந்தத் தீவுல பார்க்காததைப் பார்க்கலைன்னு சொல்ற ஒரே ஆள் நீங்க. நீங்க சொல்லுங்க. மார்ட்டி படகு ஏறினதை நீங்க பார்த்தீங்களா?"

எனக்குத் தெரியும், அந்த ஒரு குணத்தை வைத்துத்தான் அவர் பிழைப்பு நடக்கிறது. அவர் சொன்னால் ஆட்டுக்காரன் ஆட்டைத் திருப்பித் தருவான், சண்டைக்காரன் சண்டையை விடுவான். அந்தப் பேரை வாங்க அவர் ஒரு கல்யாணத்தையும் பல சிநேகிதங்களையும் இழந்திருக்கிறார். கடற்கரையில் மேளம் இன்னும் வேகமாகியிருந்தது. கம்பிக்குப் பின்னால் வெள்ளைச் சட்டை எழுந்து நின்றது.

மிஸ் டெல்ஃபின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டார்.

"பார்த்தேன்," என்றார். "எனக்கு குட் மார்னிங் சொன்னார்."

சார்ஜன்ட் சாவியை எடுத்தார்.

அதற்குப் பிறகு அந்தப் பிற்பகலில் யாருக்கும் கால் தரையில் பாவவில்லை. பாதிரியார் தண்ணீர் தெளித்தார், ஹேஸ்டன் ரம் தெளித்தான், டான்டி இரண்டையும் துடைத்துக்கொண்டு அழுதார். முட்டுக்கட்டைகளைக் கோடரியால் ஒவ்வொன்றாக வெட்டினார்கள். படகு ஒரு பெருமூச்சோடு உருளைகள் மேல் சாய்ந்து படுத்தது. ஊரே கயிற்றில் தொங்கியது. லெனோரா, சிப்ரியன், காலை இழுத்து நடக்கும் மார்ட்டியைப் பார்த்தவர், தொப்பியைப் பார்த்த நான், இழுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு எல்லோரையும்விட உரக்கக் கத்தி இழுத்த சார்ஜன்ட்.

ஐலாவும் இழுத்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் பெண்கள். "விட்டுத் தள்ளும்மா, கோவிச்சுக்கிட்டுப் போறவன் எல்லாம் ஒரு புருஷனா" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி தன் கொழுந்தனைப் பற்றிப் பேச்செடுத்தாள். ஐலா மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. முடியெல்லாம் மணல், கையெல்லாம் கயிற்றுத் தழும்பு, வாயெல்லாம் சிரிப்பு. தனிமை தேடி வந்தவளைச் சுற்றி அத்தனை ஜனம் இருந்தது.

கடைசி இழுப்பில் படகு கையை விட்டுப் போனது. கயிறு தளர்ந்து நாங்கள் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தோம். எழுந்து பார்த்தால் அது தண்ணீரில் நிமிர்ந்து நின்று ஆடிக்கொண்டிருந்தது. ஹேஸ்டன் அதன் மூக்கில் ஏறி நின்று, பேச முடியாமல், இரண்டு கையையும் தலைமேல் தூக்கினான்.

சாயந்திரப் படகுக்கு நேரமாகிவிட்டது. ஐலா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்களிடம் வந்தாள். மிஸ் டெல்ஃபின் மணலில் உட்கார்ந்து செருப்பைத் தட்டிக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் முதல் பொய்யைச் சொன்ன முகம் அது. ஆனால் அந்த முகத்துக்குப் பத்து வயசு குறைந்த மாதிரி எனக்குத் தோன்றியது.

ஐலா எங்களுக்கு மட்டும் கேட்கும்படி குனிந்தாள்.

"ஒண்ணு கேக்கலாமா? மார்ட்டி போகும்போது, திரும்பிப் பார்த்தாரா?"

மிஸ் டெல்ஃபின் கையிலிருந்த செருப்பைக் கீழே வைத்தார். அவளை ஒரு நிமிடம் நன்றாகப் பார்த்தார்.

"பார்த்தார்மா," என்றார். "படகு திரும்பற வரைக்கும் உன் ஜன்னலையே பார்த்துக்கிட்டு நின்னார்."

ஐலாவின் கண் நிரம்பிவிட்டது. அவள் தலையை ஆட்டினாள். பிறகு புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, படகுத்துறையை நோக்கித் தனியாக நடந்தாள். வழியில் எதிர்ப்பட்ட ஒவ்வொருவருக்கும் குட் ஈவ்னிங் சொல்லிக்கொண்டே போனாள்.